சவுண்டு வருது, படம் வரல: 43 இன்ச் டிவிக்கு பேக்லைட் மாத்தினதும், அதுக்கான செலவை கடையில வாங்கினதும்

கடைக்காரர் அனுப்பின 2,340 ரூபாய் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு, டிவியும் மழைக்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிடுச்சு, அதனால இப்ப எழுதலாம்னு உக்காந்தேன். ரிப்பேர் கதையையும் காசு வாங்கின கதையையும் தனித்தனியா பிரிக்க முடியல, ஏன்னா ரிப்பேருக்காக எடுத்த மீட்டர் ரீடிங்கும் போட்டோவும்தான் கடைசியில கடைக்காரர் முன்னாடி எனக்காக பேசுச்சு. அதனால நடந்த வரிசையிலேயே சொல்லிடறேன்.

டிவி 43 இன்ச், 2023 ஆயுத பூஜை ஆஃபர்ல பாண்டிச்சேரியில ஒரு கடையில வாங்கினது, 23,500 ரூபாய். நாங்க இருக்கறது கடலூர் திருப்பாதிரிப்புலியூர். இங்க லாரன்ஸ் ரோட்லயே கடைங்க இருக்கு, ஆனா பெரிய சாமான்னா பாண்டிக்கு பஸ் ஏறறது எங்க ஊர் ஆளுங்களுக்கு பழக்கமாயிடுச்சு. 2017ல ஜி.எஸ்.டி. வந்ததுக்கு அப்புறம் வரியில வித்தியாசம் எதுவும் இல்ல, 32 இன்ச்சுக்கு மேல டிவின்னா அப்ப ரெண்டு ஊர்லயும் அதே 28%தான் (2025 செப்டம்பர் 22ல இருந்துதான் 18% ஆச்சு), இருந்தாலும் ஆஃபர்னு சொன்னா கால் அங்கதான் போகுது. கம்பெனி வாரண்டி 1 வருஷம், அதுக்கு மேல கடை சார்புல இன்னொரு வருஷம்னு சொல்லி பில்லுலயே "2 வருட வாரண்டி"ன்னு சீல் குத்தி கொடுத்தாங்க. இந்த சீலை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

2025 மார்ச்ல, அதாவது 17வது மாசம், அம்மா சீரியல் பாத்துட்டு இருக்கும்போது படம் போச்சு. சவுண்டு மட்டும் நல்லா வருது, ரிமோட்ல சேனல் மாத்தினா மாறுது, வால்யூம் ஏறுது, ஸ்க்ரீன் மட்டும் கருப்பு. ஸ்விட்ச் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஒரு செகண்ட் வெளிச்சம் அடிச்சிட்டு அணைஞ்சு போகுது. பாலிடெக்னிக்ல ஈ.சி.ஈ. படிச்சதால பவர் போர்டா இருக்கும்னுதான் மொதல்ல எனக்கு தோணுச்சு, ஆனா எதையும் தொறக்காமலே பாக்கக்கூடிய டெஸ்ட் ஒன்னு இருக்கு, அதை பண்ணேன். ராத்திரி ரூம் லைட்டெல்லாம் அணைச்சுட்டு, டிவி ஆன்ல இருக்கும்போது, செல்போன் டார்ச்சை ஸ்க்ரீனுக்கு ரொம்ப கிட்ட சாய்வா பிடிச்சு பாக்கணும். பாத்தா டார்ச் வெளிச்சம் விழுற வட்டத்துக்குள்ள மட்டும் மங்கலா சேனல் லோகோ தெரியுது, ஆளுங்க நடமாடறது தெரியுது. அப்ப படம் காட்டற பேனல் உயிரோட இருக்கு, படம் வந்துட்டுதான் இருக்கு, அதுக்கு பின்னாடி இருந்து அடிக்க வேண்டிய வெளிச்சம், அதாவது பேக்லைட்தான் இல்ல. இதை தம்பியை விட்டு வீடியோ எடுக்க வெச்சேன், டிவி பின்பக்கம் இருக்கற வாரண்டி ஸ்டிக்கர் கிழியாம இருக்கறதும் அதே வீடியோவுல வர்ற மாதிரி.

மறுநாள் கடைக்கு போன் போட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல புக் பண்ணுங்க மேடம்னாங்க. ஆள் வந்தாரு, பாத்தாரு, ஜாப் ஷீட்ல "நோ டிஸ்ப்ளே, பேனல் அசெம்ப்ளி மாத்தணும்"னு எழுதினாரு, எஸ்டிமேட் 14,800 ப்ளஸ் ஜி.எஸ்.டி. வந்து பாத்ததுக்கு 500, அதுக்கு 18% ஜி.எஸ்.டி. சேத்து 590 வாங்கிட்டு ரசீது கொடுத்துட்டு போயிட்டாரு. 23,500 ரூபாய் டிவிக்கு 14,800. வரியும் சேத்தா 17,464. இதுக்கு புது டிவியே வாங்கிடலாம்னு நம்மளை சொல்ல வெக்கத்தான் இந்த எஸ்டிமேட்டான்னு எனக்கு அன்னைக்கு ரொம்ப ஆத்திரம்.

ஜாப் ஷீட்டை எடுத்துக்கிட்டு நேரா பாண்டி கடைக்கே போனேன். மேனேஜர் மரியாதையாதான் பேசினாரு, ஆனா பேச்சு இப்படி போச்சு. "மேடம், ரெண்டாவது வருஷம் நாங்க கொடுக்கறது பேனலுக்கு மட்டும்தான், பேக்லைட் பேனல்ல வராது." சரி சார், அப்ப உங்க சர்வீஸ் ஆள் ஏன் பேனல் மாத்தணும்னு எழுதிருக்காருன்னு கேட்டேன். "பேக்லைட் தனியா வராது மேடம், பேனலோட சேந்துதான் வரும்." காசு வாங்கறதுக்கு பேக்லைட் பேனல்ல ஒரு பாகம், வாரண்டி கொடுக்கறதுக்கு அது பேனலே இல்ல. இதை அப்படியே வாட்ஸ்அப்ல எழுதி அனுப்ப சொன்னேன். அனுப்பினாரு. "பேக்லைட் வாரண்டியில் வராது"ன்னு அவர் நம்பர்ல இருந்து வந்த அந்த ஒரு வரி எனக்கு ரொம்ப முக்கியமான பேப்பர் ஆயிடுச்சு. கூடவே கடலூர்னா கடல் காத்து மேடம், துருப்பிடிக்கும், கரண்ட் ஏறி இறங்கும், அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லன்னும் ஒரு வரி அனுப்பினாரு.

அதுக்கு நான் பதில் போட்டேன்: நீங்களே சரி பண்ணி கொடுங்க, 10 நாள்ல பண்ணலன்னா நானே வெளியில ஸ்பேர் வாங்கி சரி பண்ணிக்கறேன், அந்த செலவை உங்ககிட்ட கேப்பேன். இந்த மெசேஜ் போடாம டிவியை தொறக்கவே கூடாதுன்னு நான் உறுதியா இருந்தேன். தொறந்த அப்புறம் போய் கேட்டா "நீங்க கை வெச்சதாலதான் போச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. பத்து நாள் போச்சு, ரெண்டு நீல டிக் மட்டும் இருக்கு, பதில் இல்ல.

மஞ்சக்குப்பத்துல ரொம்ப வருஷமா டிவி பாக்கற ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்காரு. பிக்சர் டியூப் காலத்துல இருந்து தொழில்ல இருக்கறவர். அவரை வீட்டுக்கு கூப்பிட்டு, வீடியோ ஓடிட்டு இருக்கும்போதே அவர் கையாலயே பின் மூடியை கழட்ட சொன்னேன். 300 ரூபாய் வாங்கினாரு, அவரோட பில் புக்லயே "பேக்லைட் ஸ்ட்ரிப் ஓப்பன், பேனல் மற்றும் போர்டு நல்ல நிலை"ன்னு எழுதி கையெழுத்து போட்டு கொடுத்தாரு (ஸ்ட்ரிப்னா எல்.இ.டி.யை வரிசையா பதிச்ச பட்டை, ஓப்பன்னா நடுவுல கரண்ட் பாதை அறுந்திருக்குன்னு அர்த்தம்). "ஏம்மா, இதை நானே முடிச்சு தரேனே, 43 இன்ச் பேனலை தூக்கறது வெளையாட்டு இல்லம்மா, ஒரு ரிப்பன் கிழிஞ்சா அப்புறம் டிவியே இல்ல"ன்னு சொன்னாரு. நான் பண்ணிப் பாக்கறேண்ணா, மாட்டிக்கிட்டா உங்களைத்தான் கூப்பிடுவேன்னு சொன்னேன். சிரிச்சுட்டு, எதை எப்படி தூக்கணும்னு ஒரு மணி நேரம் நின்னு சொல்லிக் கொடுத்துட்டுதான் போனாரு.

அன்னைக்கு எடுத்த ரீடிங் இது. டிவி ஆன்ல இருக்கும்போது பவர் போர்டுல ஸ்டாண்ட்பை 5 வோல்ட் லைன் 5.1, 12 வோல்ட் லைன் 12.2, ரெண்டும் ஆடல அசையல. பேக்லைட்டுக்கு போற கனெக்டர்ல மீட்டர் வெச்சா, ஸ்விட்ச் போட்ட உடனே 110 வோல்ட் பக்கம் ஏறி ஒரு செகண்ட்ல சரசரன்னு இறங்கிடுது. அதாவது பேக்லைட்டுக்கு கரண்ட் கொடுக்கற ட்ரைவர் சர்க்யூட் வேலை செய்யுது, லைட்டை ஏத்த பாக்குது, ஆனா எதிர்ப்பக்கம் கரண்ட் எடுக்க ஆள் இல்லன்னு தெரிஞ்சதும் தன்னை காப்பாத்திக்க ஆஃப் பண்ணிக்குது. நான் சந்தேகப்பட்ட பவர் போர்டு இந்த இடத்துல வழக்குல இருந்து விடுதலை. இந்த மூணு ரீடிங்கையும் மீட்டர் டிஸ்ப்ளேவோட போட்டோ எடுத்து வெச்சேன். 12 வோல்ட் லைன் இவ்ளோ நேரா நிக்கும்போது கரண்ட் ஏறி இறங்கி போர்டு அடிபட்டுச்சுன்னு யாராவது சொன்னா காட்டணும் இல்ல.

இங்க ஒரு எச்சரிக்கை. பவர் போர்டுல ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், இதுல 450 வோல்ட் 100 மைக்ரோஃபாரட். 230 வோல்ட் ஏசி டிசியா மாறி அதுல நிக்கும்போது 325 வோல்ட் பக்கம் இருக்கும், ப்ளக்கை பிடுங்கின அப்புறமும் கொஞ்ச நேரம் தேங்கி நிக்கும். ஹோல்டர்ல மாட்டின 60 வாட் குண்டு பல்பை அதோட ரெண்டு காலுக்கும் தொட்டு இறக்கிட்டு, மீட்டர் வெச்சு 10 வோல்ட்டுக்கு கீழ வந்துடுச்சான்னு பாத்துட்டுதான் கை வெக்கணும். ஸ்க்ரூட்ரைவரை வெச்சு ஷார்ட் பண்றது வேணவே வேணாம். ரீடிங்குக்காக டிவியை ஆன் பண்ணி எடுக்கும்போதும் ஒரு கை பின்னாடி, காலுல ரப்பர் செருப்பு. இந்த வேலை பழக்கம் இல்லாதவங்க டார்ச் டெஸ்ட்டோட நிறுத்திட்டு மெக்கானிக்கை கூப்பிடுங்க, மனசார சொல்றேன்.

அடுத்து பேனல் கழட்டறது. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேன் ஆஃப் பண்ணி, தரையை ஈரத்துணி போட்டு தொடைச்சு, காஞ்ச அப்புறம் ரெண்டு போர்வை விரிச்சு ஆரம்பிச்சோம். ஏப்ரல் வெயில்ல ஃபேன் இல்லாம வேர்த்து கொட்டுது, ஆனா ஃபேன் ஓடுச்சுன்னா தூசி ஷீட்டுக்கு நடுவுல போய் உக்காந்துடும், அப்புறம் வெள்ளை படம் வரும்போதெல்லாம் அந்த புள்ளி தெரிஞ்சுட்டே இருக்கும். வேர்வை சொட்டாம இருக்க நெத்தியில துணி கட்டிக்கிட்டோம்.

டி-கான் போர்டு (பேனலுக்கு படத்தை அனுப்பற சின்ன போர்டு) மேல இருக்கற தகர மூடியை எடுத்து, மெயின் போர்டுல இருந்து வர்ற ரிப்பனை லாக் தூக்கி உருவினோம். சுத்தி இருக்கற ஃப்ரேம் கிளிப்பை பழைய ஏ.டி.எம். கார்டால நெம்பி நெம்பி எடுத்தோம், ஸ்க்ரூட்ரைவர் பக்கத்துலயே போகல. அதுக்கு அப்புறம் இருக்கறது வெறும் கண்ணாடி பேனல், இதைத்தான் ஓப்பன் செல்னு சொல்வாங்க. தடிமன் ஒரு மில்லிமீட்டர் சுமாருதான் இருக்கும், கீழ் ஓரத்துல மெல்லிசா பழுப்பு கலர்ல சின்னச் சின்ன ரிப்பன் அதோட ஒட்டிட்டு இருக்கும், அண்ணன் பயந்தது அதுக்குத்தான். நான் ரிப்பன் இருக்கற பக்கம், தம்பி எதிர்ப்பக்கம். கண்ணாடி எடுக்கற ரப்பர் சக்ஷன் கப் ரெண்டை மேல் ஓரத்துல ஒட்டி, டி-கான் போர்டையும் சேத்து ஒரே அளவா, ஒரு பக்கம் முன்னாடி ஒரு பக்கம் பின்னாடி போகாம தூக்கி, கட்டில்ல விரிச்ச சுத்தமான வேட்டி மேல முகத்தை மேல வெச்சு படுக்க வெச்சோம். அந்த நாலு அடி தூரம் நடக்கும்போது ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல.

பேனலுக்கு கீழ மூணு ஷீட். ஒவ்வொன்னையும் எடுக்கும்போதே மேல் எது கீழ் எதுன்னு ஓரத்துல இருக்கற காதுல மார்க்கரால 1, 2, 3 போட்டுக்கணும், பளபளப்பான பக்கம் எது சொரசொரப்பான பக்கம் எதுன்னும் எழுதிக்கணும். மாத்தி போட்டா வெளிச்சம் திட்டு திட்டா வரும். அதுக்கு கீழ வெள்ளை ரிஃப்ளெக்டர், அதுல ஓட்டை ஓட்டையா, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு லென்ஸ் எட்டிப் பாக்குது. நாலு ஸ்ட்ரிப், ஒன்னுல 7 எல்.இ.டி., மொத்தம் 28.

எது போச்சுன்னு தேடவே வேணாம். மேல இருந்து ரெண்டாவது ஸ்ட்ரிப்ல மூணாவது லென்ஸை சுத்தி ரிஃப்ளெக்டர் ஷீட் டீ கறை மாதிரி பழுத்து போயிருந்துச்சு. லென்ஸை எடுத்து பாத்தா மஞ்சளா இருக்க வேண்டிய சிப் நடுவுல குண்டூசி தலை அளவுக்கு ஒரு கருப்பு புள்ளி, லென்ஸோட உள்பக்கம் புகை படிஞ்ச மாதிரி. அதே ஸ்ட்ரிப்ல அஞ்சாவதும் ஓரம் கருத்துட்டு வருது. 28ம் ஒரே வரிசையில தொடுத்திருக்கறதால ஒன்னு அறுந்தா எல்லாமே அணைஞ்சிடும், அதான் மொத்த ஸ்க்ரீனும் கருப்பு.

எல்.இ.டி. டெஸ்டர் ஒன்னு 650 ரூபாய்க்கு வாங்கி வெச்சிருந்தேன். அதுல ரெண்டு ப்ரோப், கரண்டை அளவா வெச்சுக்கிட்டு தேவையான வோல்ட்டை தானே ஏத்திக்கும், எத்தனை வோல்ட்டுல எரியுதுன்னு டிஸ்ப்ளேவுல காட்டும். ஒன்னாவது ஸ்ட்ரிப் 20.8, மூணாவது 20.9, நாலாவது 20.7, எல்லாம் எரியுது. ஏழால வகுத்தா ஒரு எல்.இ.டி.க்கு 3 வோல்ட் கணக்கு. ரெண்டாவது ஸ்ட்ரிப் எரியவே இல்ல. ஒவ்வொரு எல்.இ.டி.யா தொட்டா மூணாவது செத்தது, அஞ்சாவது மங்கல், மத்தது எரியுது.

இப்ப கடல் காத்து விஷயம். பின் மூடியோட ஸ்க்ரூல துரு இருந்துச்சு, அது உண்மை, ஹெச்.டி.எம்.ஐ. சாக்கெட் வெளி தகரத்துல கூட லேசா வெள்ளை பூத்திருந்துச்சு, எங்க வீட்ல இருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை கிட்டதான், எங்க ஊர்ல இது எல்லா சாமானுக்கும் வர்றது. ஆனா பேக்லைட் கனெக்டர் பின், ஸ்ட்ரிப்போட சால்டர், காப்பர் எல்லாம் புதுசு போல பளபளன்னு இருக்கு, ஒரு பச்சை புள்ளி இல்ல. அதை நல்ல வெளிச்சத்துல குளோசப்ல போட்டோ எடுத்தேன், பக்கத்துலயே கருத்த எல்.இ.டி.யும் தெரியற மாதிரி. துரு ஓட்டுக்கு வெளியில நிக்குது, பழுது எல்.இ.டி.க்குள்ள நடந்திருக்குன்னு அந்த ஒரு போட்டோ சொல்லிடும்.

ஸ்ட்ரிப் வாங்கினதுல ஒரு சுத்து. டிவி மாடல் நம்பரை போட்டு ஆன்லைன்ல தேடினா "43 இன்ச், 7 எல்.இ.டி., 4 ஸ்ட்ரிப்"னு ஒரு செட் 780 ரூபாய்க்கு கிடைச்சுது. வந்ததும் பழசு மேல வெச்சு பாத்தா நீளம் சரி, எல்.இ.டி. இடைவெளி சரி, ஓட்டை சரி. ஒட்டறதுக்கு முன்னாடி டெஸ்டரை வெச்சேன், 41.6 வோல்ட் காட்டுது. அது 6 வோல்ட் எல்.இ.டி. நாலையும் தொடுத்தா 166 வோல்ட் கிட்ட வேணும், நம்ம ட்ரைவர் 110க்கே மூச்சு வாங்குது, எப்படி எரியும். அப்புறம் பழைய ஸ்ட்ரிப் மேலயே வெள்ளை எழுத்துல அச்சடிச்சிருக்கற பார்ட் நம்பரை போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன், அவர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல தெரிஞ்ச கடையில சொல்லி கூரியர் சேத்து 1,150க்கு சரியான செட் வரவழைச்சு கொடுத்தாரு. இப்ப 20.8. ஒரே மாடல் டிவிக்குள்ளயே ரெண்டு மூணு விதமான ஸ்ட்ரிப் போடறாங்கன்னு அண்ணன் சொன்னாரு, அதனால மாடல் நம்பரை நம்பி ஆர்டர் போடாதீங்க, தொறந்து பாத்து ஸ்ட்ரிப் நம்பரும் வோல்ட்டும் தெரிஞ்ச அப்புறம் போடுங்க. தொறந்து வெச்ச டிவியை மறுபடி ஸ்ட்ரிப் வர்ற வரைக்கும் பத்திரமா வெக்கறதுதான் பெரும்பாடு, கட்டில் மேல பேனலை வேட்டியால மூடி வெச்சு அந்த ரூமை பூட்டியே வெச்சிருந்தோம், அம்மா ஹால்ல படுத்துக்கிட்டாங்க.

போன ரெண்டு எல்.இ.டி.யை மட்டும் மாத்தினா போதாதான்னு கேக்கலாம். மாத்தலாம், 50 ரூபாய்ல முடியும். ஆனா மத்த 26ம் அதே அளவு நேரம் எரிஞ்சதுதான், இன்னும் ஆறு மாசத்துல வேற ஒன்னு போகும், மறுபடியும் அந்த பேனலை தூக்கணும். தூக்கறதுதான் இந்த வேலையிலயே ஆபத்தான இடம், அதை ஒரு தடவையோட முடிக்கணும்னா முழு செட்டும் மாத்தறதுதான் சரி.

பழைய ஸ்ட்ரிப்பை எடுக்க ஹேர் ட்ரையரால ஒரு நிமிஷம் சூடு காட்டி, ப்ளாஸ்டிக் ஸ்கேலை கீழ விட்டு மெதுவா நெம்பினா வந்துடுது. தகரத்துல ஒட்டியிருக்கற பழைய பசையை ஐசோப்ரோபில் ஆல்கஹால் (பாட்டில் 120 ரூபாய்) பஞ்சுல தொட்டு தொடைச்சேன். அதுக்கு மேல வெப்பம் கடத்தற டபுள் சைடு டேப், 180 ரூபாய். இங்க சாதா டேப் போடக்கூடாது, எல்.இ.டி. சூடு தகரத்துக்கு இறங்கணும், இறங்கலன்னா புது செட்டும் அதே கதிதான். ஒட்டினதும் டெஸ்டரை மொத்த வரிசைக்கும் வெச்சேன், 83 வோல்ட்டுல 28ம் ஒன்னா எரிஞ்சுது. தம்பி கண்ணை மூடிக்கிட்டான், அவ்ளோ வெளிச்சம்.

மூடறதுக்கு முன்னாடி இன்னொன்னு பாக்கணும்னு ஆசை. எதுக்கு 17 மாசத்துலயே எல்.இ.டி. கருகணும்? பேனலை கனெக்ட் பண்ணி, பேக்லைட் வயர்ல மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல சீரிஸ்ல, அதாவது அந்த கரண்ட் மீட்டர் வழியாவே போற மாதிரி போட்டு (இது 80 வோல்ட்டுக்கு மேல ஓடற லைன், ப்ளக் பிடுங்கின அப்புறம் கனெக்ட் பண்ணி, ஆன் பண்ணின அப்புறம் கை படாம) பாத்தேன். பிக்சர் மோட் "டைனமிக்", பேக்லைட் 100ல 410 மில்லிஆம்பியர். பேக்லைட் 60க்கு இறக்கினா 240. வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்த ஆள் டைனமிக்லயே விட்டுட்டு போயிருக்காரு, நாங்களும் அப்படியே பாத்துட்டு இருந்திருக்கோம். 410ல அந்த சிப் எவ்ளோ சூடா இருந்திருக்கும். இப்ப 60லதான் வெச்சிருக்கோம், ஹால்ல பகல்லயும் போதுமான வெளிச்சம் இருக்கு, அம்மாவுக்கு கண் கூசறது கூட நின்னுடுச்சு. உங்க வீட்டு டிவி நல்லா ஓடிட்டு இருந்தாலும் இன்னைக்கே செட்டிங்ஸ்ல போய் இதை பாத்துடுங்க.

திரும்ப மூடறது கழட்டினதுக்கு தலைகீழ் வரிசைதான், அதுல எழுத பெருசா ஒன்னும் இல்ல. மூணாவது ஷீட்ல ஒரு தூசி இருந்துச்சு, ஊதற பல்பால ஊதி எடுத்தோம், துணியால தொடைச்சா கோடு விழுந்துடும். படம் வந்துச்சு, திட்டு இல்ல, கோடு இல்ல.

இனி காசு விஷயம். செத்த ஸ்ட்ரிப்பை தூக்கி போடல, ஒரு ப்ளாஸ்டிக் கவர்ல போட்டு தேதி எழுதி வெச்சேன். 1915க்கு போன் பண்ணேன், நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். பொறுமையா கேட்டு புகாரை பதிஞ்சு நம்பர் கொடுத்தாங்க. அது கோர்ட் இல்ல, கேஸ் போடறதுக்கு முன்னாடி எதிர்த்தரப்போட பேசி முடிக்க பாக்கற இடம். என் விஷயத்துல அதுல இருந்து பதில் எதுவும் வரல, ஆனா நான் ஒழுங்கா எல்லா வழியையும் பாத்தேன்னு காட்ட அந்த நம்பர் உதவுச்சு.

அடுத்து நோட்டீஸ். வக்கீல் வெச்சுதான் அனுப்பணும்னு எதுவும் இல்ல, நானே தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதினேன். எந்த தேதியில என்ன நடந்துச்சு, பில்லுல என்ன சீல், ஜாப் ஷீட்ல என்ன எழுதிருக்கு, வாட்ஸ்அப்ல என்ன சொன்னீங்க, மூணு மீட்டர் ரீடிங், நாலு போட்டோ. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல குறைபாடுங்கறதுக்கு கொடுத்திருக்கற விளக்கத்துல, விக்கறவர் எந்த விதத்துலயாவது சொல்லி வித்த தரம் குறைஞ்சாலும் அது குறைபாடுதான்னு இருக்கு, அந்த பிரிவு 2(10)ஐ எழுதி பில் சீலை அதுக்கு பக்கத்துல வெச்சேன். இன்னொன்னு, பழைய சட்டத்துல எதிர்த்தரப்பு இருக்கற ஊர்ல, இல்ல விஷயம் நடந்த ஊர்லதான் கேஸ் போடணும். இப்ப நாம குடியிருக்கற ஊர்லயே போடலாம். கடை பாண்டியில இருந்தாலும் நான் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல போடலாம், வாங்கின சாமான் விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும், இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல வீட்ல இருந்தே போடலாம். 15 நாள் டைம், அதுக்கு அப்புறம் கடலூர்ல கேஸ்னு முடிச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினேன்.

நான் கேட்ட கணக்கு: சர்வீஸ் சென்டர் 590, அண்ணனுக்கு 300, ஸ்ட்ரிப் 1,150, டேப் 180, ஆல்கஹால் 120, தபாலும் ப்ரிண்ட்டும் 110, வேலைக்கூலி 1,000, மொத்தம் 3,450. பொருந்தாத செட்டோட 780ஐயும் டெஸ்டர் 650ஐயும் சேக்கல. டெஸ்டர் என் கையிலதான் இருக்கப்போகுது, அதை அவர் தலையில கட்டறது நியாயம் இல்ல. கணக்கு சுத்தமா இருந்தாதான் பேச்சும் சுத்தமா இருக்கும்னு நான் நினைச்சேன்.

டைம் முடியறதுக்கு முன்னாடியே கடையில இருந்து போன். மொதல்ல 1,500 ரூபாய் கூப்பன் தரோம், அடுத்த பர்ச்சேஸ்ல கழிச்சுக்கங்கன்னாங்க, வேணாம்னேன். நேர்ல வர சொன்னாங்க, போனேன், செத்த ஸ்ட்ரிப்பையும் எடுத்துக்கிட்டு. இந்த தடவை மேனேஜரோட முதலாளியும் இருந்தாரு, வயசானவர். கடல் காத்துன்னு ஆரம்பிச்சாரு, கவரை பிரிச்சு மேஜையில வெச்சு, ஐயா, காப்பரை பாருங்க, எங்க துரு இருக்குன்னு கேட்டேன். கண்ணாடியை ஏத்தி விட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "இவ்ளோ சின்ன சாமானுக்கா பதினாலாயிரம் கேட்டானுங்க"ன்னு மேனேஜரை பாத்து கேட்டாரு. அதுக்கு அப்புறம் சர்வீஸ் சென்டர் பத்திதான் பேச்சு, என்னை பத்தி இல்ல. ரசீது இருக்கறதுக்கு எல்லாம் தரோம், கூலியும் தபாலும் தரமாட்டோம்னு முடிவாச்சு. கூலிக்கு என்கிட்ட ரசீது இல்லதான், ஒத்துக்கிட்டேன். 2,340.

பணம் போடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க. படிச்சு பாத்தா "இத்துடன் வாரண்டி முடிவுற்றது"ன்னு ஒரு வரி. அப்ப இன்னும் சில மாசம் வாரண்டி பாக்கி இருக்கு, போர்டு போச்சுன்னா என்ன பண்றது, அந்த வரியை அடிச்சு, "பேக்லைட் செலவு மட்டும் தீர்ந்தது"ன்னு எழுதி, ரெண்டு பேரும் பக்கத்துல கையெழுத்து போட்ட அப்புறம்தான் கொடுத்தேன்.

அடுத்த தடவை மாத்திப் பண்ணப்போறது சிலது இருக்கு. ஸ்ட்ரிப் நம்பரை பாக்கறதுக்காக மட்டும் மொதல்ல பேனலை தூக்கி, பாத்துட்டு, அன்னைக்கே திரும்ப மூடி வெச்சுட்டு, சாமான் கைக்கு வந்த அப்புறம் ரெண்டாவது தடவை தூக்கறதா, இல்ல தொறந்தபடியே வெச்சு காத்திருக்கறதான்னு எனக்கு இன்னும் ரெண்டு மனசு, அண்ணன் தொறந்தபடியே விடறதுதான் நல்லதுங்கறாரு. சக்ஷன் கப் ரெண்டு போதல, நாலு வேணும். கூலிக்கு அண்ணனையே பக்கத்துல உக்கார வெச்சு ஒரு பில் வாங்கியிருந்தா அந்த ஆயிரமும் வந்திருக்கும். பொருந்தாத 6 வோல்ட் செட்டை அண்ணன் வேற ஒரு டிவிக்கு போட்டுட்டு எனக்கு 500 கொடுத்தாரு, அதனால அதுல நஷ்டம் 280தான். போன மாசம் ஃப்ரிட்ஜ் வாங்கும்போது, வாரண்டி சீல் குத்தறதுக்கு முன்னாடி, எந்தெந்த பாகம்னு பில்லுலயே பேனாவால எழுதி கடைக்காரர் கையெழுத்தோட வாங்கிட்டேன், அதுக்கு அவங்க யாரும் மாட்டேன்னு சொல்லல.